மூடி வந்த தட்டு

கப்பல்கள் பாய் விரித்து வந்த முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றின் அரசருக்குச் சொற்களின்மேல் ஆசை வந்தது. வில்க்ஸ் துரை என்ற ஆங்கில வணிகர் பீரங்கி விற்க வந்தபோது தொற்றிக்கொண்ட ஆசை அது.

அழிப்பதற்கு மட்டும் தங்கள் மொழியில் ஒரு படையே இருப்பதாகத் துரை பெருமையடித்தார். கோபத்தில் ஓங்கி அடித்து உடைப்பது ஸ்மாஷ். கண்ணாடி சில்லு சில்லாகத் தெறிப்பது ஷாட்டர்; மனிதனின் நம்பிக்கை சிதறும்போதும் அதையே சொல்வார்கள். கட்டடத்தை இடித்துத் தள்ளுவது டெமாலிஷ், கப்பலுக்கு ரெக். ருயின் இன்னொரு வகை. பொருள் நின்ற இடத்திலேயே நிற்கும், ஆனால் எதற்கும் உதவாது. இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று உண்டு, அனைஹிலேட். அதற்குப் பிறகு எதுவுமே மிஞ்சாது.

துறைமுகத்தில் வளர்ந்து அந்த மொழியைக் கற்றிருந்த விகடகவி கூத்தாண்டிதான் இதையெல்லாம் தமிழில் சொன்னார். கடைசிச் சொல்லைக் கேட்டதும் அரசர் அரியணையின் நுனிக்கு வந்துவிட்டார். வானத்து இடியை முதன்முதலாகக் கேட்ட குழந்தையின் முகம் அவருக்கு.

"இந்தச் சொல்லை நெடுங்குளத்தின்மேல் ஏவுங்கள்" என்றார்.

நெடுங்குளம் என்ற ஊர் செய்த குற்றம் இதுதான். போன மழையில் அரசர் அவ்வழியே வந்தபோது வரவேற்க ஒருவரும் இல்லை. ஏரிக்கரை உடைகிற நிலையில் ஊர் முழுதும் மண் சுமந்துகொண்டிருந்தது. அரசர் கண்ணில் பட்டதோ வெறும் வீதி.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புது ஆணையும் முதலில் அரண்மனைப் பொருளின்மேல் செய்து காட்டப்பட வேண்டும். அரசர் பார்த்துத் தலையசைத்தால்தான் அது நாட்டுக்குள் போகும். புதிய சவுக்கின் முதல் அடி அரியணை மெத்தைக்குத்தான். வெள்ளோட்டம் என்பார்கள்.

"வெள்ளோட்டத்தைக் கூத்தாண்டியே நடத்தட்டும் பிரபு. துரையின் சொற்களை அறிந்தவர் அவர்தானே" என்றார் தளவாய் திருமலைக்கொழுந்து. கூத்தாண்டியின் ஒரே மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் நெடுங்குளம் என்பது அவருக்குத் தெரியும். மறுத்தால் கூத்தாண்டியின் தலை போகும். செய்தால் மகளின் ஊர் போகும். அரசர் எப்போதும் கூத்தாண்டியின் பக்கமே திரும்பிச் சிரிப்பதைப் பல ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்டவர் தளவாய்.

கூத்தாண்டி வணங்கி ஒப்புக்கொண்டார்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. கூத்தாண்டி அரண்மனைக் குடம் ஒன்றைத் தரையில் ஓங்கி அடித்தார். நிலைக்கண்ணாடியில் கல்லெறிந்தார், அது தெறித்த ஓசையில் புறாக்கள் பறந்தன. தோட்டத்துப் பழைய மதில் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு சாய்ந்தது. பிறகு அரசருக்கென்று வைத்திருந்த பாயசத்தில் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினார்.

"பார்வைக்கு இன்னும் பாயசம்தான் அரசே. இது ருயின்."

அரசர் வியந்து போனார். "கடைசிச் சொல்?"

கூத்தாண்டி பட்டுத்துணியால் மூடிய வெள்ளித்தட்டைக் கொண்டுவந்து வைத்துத் துணியை விலக்கினார். தட்டு வெறுமையாக இருந்தது.

"இதில் என்ன இருந்தது?"

"சொல்ல முடியாது அரசே. பெயர் சொன்னால் பெயராவது மிஞ்சிவிடும். வெள்ளோட்டம் தோற்றுப்போகும்."

"என் பொருளா?"

"வழக்கப்படி அரண்மனைப் பொருள்தான் வேண்டும் அல்லவா?"

அரசர் எழுந்துவிட்டார். முத்திரை மோதிரத்தைப் பார்த்தார், இருந்தது. யானைகளைப் பார்த்துவர ஆள் ஓடினான், எல்லாம் நின்றன. அரசி, பிள்ளைகள், தந்தையின் வாள், வீணை, படுக்கையறை விளக்கு என்று நினைவுக்கு வந்ததையெல்லாம் கேட்டார். கேட்டதெல்லாம் இருந்தது. நினைவுக்கு வராத ஒன்றை எப்படிக் கேட்பது?

"இது திருட்டு பிரபு" என்று தளவாய் குரல் உயர்த்தினார். "அரண்மனைச் சொத்தைக் களவாடியிருக்கிறான்."

"எதைக் காணோம் என்று தளவாய் சொல்லட்டும். இக்கணமே கொண்டுவந்து வைக்கிறேன்."

தளவாய் வாயைத் திறந்தார். சபை காத்திருந்தது. வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது.

அரசர் வெறும் தட்டின் முன் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தார். போர்களைக் கண்டவர்தான். எரிந்த ஊர்களில் கரியைக் கண்டிருக்கிறார், சாய்ந்த கோட்டைகளில் கல்லைக் கண்டிருக்கிறார். இப்படிச் சுத்தமாக ஒன்றும் இல்லாததை அவர் கண்டதேயில்லை.

"கூத்தாண்டி, நெடுங்குளமும் இப்படித்தான் ஆகுமா?"

"ஆமாம் அரசே. ஏரி இருக்காது. கரையில் மண் கொட்டிய கைகள் இருக்காது. தங்களை அவமதித்த ஊர் எது என்று நாளை கேட்டால், தங்களுக்கே தெரியாது."

அரசர் தட்டைத் தம்மிடமிருந்து தள்ளி வைத்தார். பிறகு அரசர் தலையை இடமும் வலமும் அசைத்தார். வெள்ளோட்டத்தில் அரசர் மறுத்த ஆணை வாசலைத் தாண்டாது. கூத்தாண்டி தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூச்சுவிட்டார். வில்க்ஸ் துரை தம் பீரங்கிகளைத் துணிபோட்டு மூடத் தொடங்கினார்.

"ஆணைதான் போய்விட்டதே. இப்போதாவது சொல்லும் ஐயா, தட்டில் என்ன இருந்தது?" அரசரின் குரல் ஏறக்குறைய கெஞ்சியது.

"ஒன்றும் இல்லை அரசே. அடுக்களையிலிருந்து வெறும் தட்டைத்தான் எடுத்துவந்தேன்."

அரசர் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் தோளிலிருந்த சரிகைச் சால்வையைக் கூத்தாண்டிக்குப் போர்த்தினார். நெடுங்குளத்து ஏரிக்கரையைக் கல்லால் கட்டிக்கொடுக்கச் சொன்னார். உப்புப் பாயசத்தைத் தளவாயிடம் நகர்த்தி, ஒரு சொட்டு மிஞ்சக் கூடாது என்றார்.

தளவாய் குடிக்கக் குடிக்கச் சபை முழுதும் சிரித்தது. அரசரும் சிரித்தார். சிரிப்பின் நடுவே ஒரு கணம் நின்று, விரல்களில் இருந்த மோதிரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.