இரண்டு தீயணைப்பு வீரர்கள்

மரியபுஷ்பம் ரப்பர் அச்சு எடுத்துப் பொம்மை வார்க்கிறவள். வயது முப்பத்து நாலு. அவளிடம் தொழில் படிக்க வந்த திருவேங்கடத்துக்கு ஐம்பத்தெட்டு. அவர் அவளை டீச்சரம்மா என்பார். அவள் அவரை சார் என்பாள். யாருக்கு யார் குரு என்று புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பம்தான்.

திருவேங்கடம் பொம்மை சேர்க்கிறவர். அதுவும் கடைக்கே வராத பொம்மைகள். ஒரு கம்பெனி புதுப் பொம்மை போடுவதற்கு முன்னால் கையாலே ஒன்றிரண்டு செய்து பார்க்குமே, அந்த முதல் மாதிரிகள். அப்படி ஒரு தீயணைப்பு வீரன் அவரிடம் இருந்தது. கை, கால் எல்லாம் மடங்கும். பெயின்ட் அடிக்காதது. கம்பெனி மூடிப்போய் வருஷக்கணக்காகிறது. இருப்பது இது ஒன்றுதான் என்பார்.

பொம்மை வார்க்கிற ரெசின் பிசினில் இறுக வைக்கும் மருந்தைக் கலந்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் அச்சில் ஊற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் டம்ளரிலேயே கல்லாகிவிடும். சரியாக அந்த ஐந்து நிமிடத்தில்தான் திருவேங்கடத்துக்குக் கேள்வி வரும்.

"டீச்சரம்மா, நகல் எடுக்கிறது தப்பா?"

"எதுக்கு எடுக்கறீங்க?"

"நம்ம அலமாரியில வெச்சுக்க."

"வெச்சுக்கங்க. கையைக் கொஞ்சம் தள்ளுங்க."

"பேரன் விளையாட?"

"குடுங்க சார். என்னை ஊத்த விடுங்க."

"நகல்னு சொல்லியே ஒருத்தருக்குக் குடுத்தா?"

"குடுங்க."

"சொல்லாம குடுத்தா? பொய் சொல்லல. சும்மா, சொல்லாம."

மரியபுஷ்பம் டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"இந்த வாரத்துல இது மூணாவது டம்ளர் சார்."

அடுத்த வாரம் வேறு கேள்வியோடு வந்தார்.

"நகல் ஏன் கொஞ்சம் சின்னதா வருது?"

"இறுகும்போது சுருங்கும். ஒரு முடி அளவு."

"சுருங்காம இருக்க ஏதாவது வழி?"

அவள் கலக்குகிற குச்சியைக் கீழே வைத்தாள்.

"அலமாரியில வைக்கிறவங்க யாரும் இதைக் கேட்டதில்ல. உங்க பேரன் ஸ்கேல் வெச்சு அளக்கவா போறான்? யாருக்கு சார் இது?"

அவர் அந்தக் குச்சியை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஈரோட்டில் ஞானசிகாமணி, இருபது வருஷத்துச் சிநேகிதர். அவரும் பொம்மை சேர்க்கிறவர். அவரிடம் ஒரு ரோபோ இருக்கிறது, அதுவும் முதல் மாதிரி.

"பதினோரு வருஷமா கேக்கறேன். தீயணைப்பு வீரனைக் குடுத்தா ரோபோவைத் தர்றேங்கறார். ஆனா எதையும் அளந்து பார்த்துதான் வாங்குவார்."

"வீரனைக் குடுத்துடுங்க."

"அது எப்படிம்மா? அது என்னுது."

"அப்ப ரோபோ வேண்டாம்னுடுங்க."

"அதுவும் வேணுமே."

விரலெல்லாம் ரெசின். அவள் புறங்கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"உங்களுக்கு வழி தெரியும். சொல்ல மாட்டேங்கறீங்க" என்றார்.

"ஆமா. சொல்ல மாட்டேன்."

அவள் சொல்லாததை போன் சொல்லிக்கொடுத்தது. ரப்பர் அச்சைப் பெயின்ட் கரைக்கிற தின்னரில் ஊறப்போட்டால் லேசாக வீங்கும். அதில் வார்த்தால் அளவு ஈடாகிவிடும். நாலு வாரம் முயன்றார். பதினேழு பொம்மை வீணாயிற்று. நாற்றம் தாங்காமல் அவர் மனைவி அவரை மொட்டை மாடிக்குத் துரத்திவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு தீயணைப்பு வீரர்களைக் கொண்டுவந்து மரியபுஷ்பத்தின் மேசைமேல் நிறுத்தினார்.

"அளங்க."

அளந்தாள். உயரம், தோள், பூட்ஸ். எல்லாம் ஒன்றுபோல் இருந்தது.

"நல்லா வந்திருக்கு சார்." அது நிஜம்தான்.

"மூக்குல இருக்கிற கீறல் கூட வந்திருச்சு பாருங்க. ரெண்டும் ஒண்ணுதான். சிகாமணிக்கு இதுல என்ன குறைஞ்சு போச்சு? இப்பச் சொல்லுங்க டீச்சரம்மா, இது தப்பா?"

"எத்தனை தடவை சார் இதையே கேப்பீங்க?"

"தப்பில்லைன்னு நீங்க சொல்ற வரைக்கும்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி. தப்பில்ல."

திருவேங்கடம் இதை எதிர்பார்க்கவில்லை. "நிஜமாவா?"

"ரெண்டும் ஒண்ணுன்னு நீங்களே சொல்றீங்க. அளந்தும் பார்த்தாச்சு. சிகாமணி சார் எப்ப வர்றார்?"

"நாலு மணிக்கு. வீட்டுல தின்னர் நாத்தம். அதான் இங்கயே வரச் சொல்லிட்டேன்."

"நல்லதாப் போச்சு." அவள் மேசை டிராயரைத் திறந்தாள். "ரெண்டையும் இதுல போடுங்க. அவர் வந்ததும் நான் கையை விட்டு, கிடைக்கிறதை எடுத்து அவர்கிட்ட குடுத்துடறேன். மிச்சம் இருக்கிறது உங்களுக்கு."

திருவேங்கடம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. டிராயரையும் மூடவில்லை.

அவர் கை தானாகப் போய் இடது பக்கத்துப் பொம்மையை மூடிக்கொண்டது.

"ஏம்மா, அவர் கைக்கு இது போயிட்டா?"

"எது சார்?" என்றாள் மரியபுஷ்பம்.