அரசரின் மூக்கும் குட்டைப் பூச்செடிகளும்

மருதங்குடி அரசர் வல்லபராயருக்கு வாசனை என்றால் உயிர். அது தெரிந்துதான், அவைப் புலவன் கோதண்டம் அரண்மனைச் சமையற்கட்டுக்குப் பின்னால் கட்டாந்தரையாகக் கிடந்த இடத்தில் அழகுக்கு இட்லிப்பூவும் வாசனைக்குத் திருநீற்றுப் பச்சிலையும் வைத்தான். தோட்டக்காரி குப்பாயி நுனிகளைக் கிள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள். செடிகள் முழங்கால் உயரத்தைத் தாண்டாமல் குட்டையாக, அடர்த்தியாகப் படர்ந்து, கிள்ளக் கிள்ளக் கொத்துக் கொத்தாகப் பூத்தன. பொழுது விடிந்தால் போதும், பட்டாம்பூச்சிக்கும் தேனீக்கும் அங்கே திருவிழாதான்.

ஒருநாள் காலை அரசர் குனிந்து பச்சிலைப் பூவை மோந்து பார்த்தார். உள்ளே தேன் குடித்துக்கொண்டிருந்த தேனீ மிரண்டுபோய், ராஜ மூக்கிலேயே கொட்டிவிட்டது! மூக்கு வீங்கி, கத்தரிக்காய் மாதிரி பளபளத்தது.

மந்திரி அனந்தபத்மருக்கு அந்த இடத்தில் தன் பல்லக்குகளுக்குக் கொட்டகை போட வெகுநாள் ஆசை. மெல்ல அரசரின் காதருகே போனார்.

"அரசே, பூ இருந்ததால்தானே தேனீ வந்தது?"

வலியில் அரசர் கத்தினார். "தேனீ வந்து உட்காரும் பூ ஒன்றுகூட இந்த அரண்மனையில் இருக்கக் கூடாது! இன்றைக்கே பிடுங்கி எறியுங்கள்!"

மண்வெட்டியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். குப்பாயி செடிகளை மறித்துக்கொண்டு நின்று, பதறி ஓடிவந்த கோதண்டத்திடம் கெஞ்சினாள்.

"சாமி, ஏதாச்சும் பண்ணுங்க. தேனீ வரலைன்னா அந்தாண்ட இருக்கிற பூசணியும் காய்க்காதே!"

கோதண்டம் ஆட்களையும் கூட்டிக்கொண்டு அவைக்கு ஓடினான்.

"அரசே, ஆணைக்குக் கட்டுப்பட்டேன். மந்திரியாரிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்கலாமா?"

"கேட்டுத் தொலை" என்றார் அரசர், மூக்கில் ஈரத்துணியோடு.

"மந்திரியாரே, நம் அரசரின் மூக்கு எப்படி இருக்கிறது?"

மந்திரிக்கு வேர்த்துவிட்டது. உள்ளதைச் சொன்னால் பதவி போய்விடும்.

"அதற்கென்ன? எள்ளுப்பூப் போல இருக்கிறது!"

"போலத்தானா? அப்படியானால், பூவைவிட ஒரு மாற்றுக் குறைவோ?"

அரசரின் புருவம் உயர்ந்தது. மந்திரி பதறினார்.

"ஐயையோ! பூவேதான்! அசல் பூ! இதற்கு ஈடான பூ இந்த நாட்டிலேயே இல்லை!"

கோதண்டம் ஆட்கள் பக்கம் திரும்பினான்.

"கேட்டீர்களா? தேனீ வந்து உட்கார்ந்த பூ! ஆணைப்படி இதைத்தான் முதலில் பிடுங்க வேண்டும். வாருங்கள்!"

ஆட்கள் திருதிருவென்று விழித்தார்கள். அரசர் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார். மறுகணம், அவை அதிரச் சிரித்தார். சிரித்ததில் மூக்கு வலித்தது. "ஐயோ, அம்மா!" என்று அலறிவிட்டு மறுபடியும் சிரித்தார். மந்திரி மட்டும் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"ஆணையை விட்டுத்தள்ளு! உனக்கு என்ன வேண்டும், கேள்."

"கிழக்கு மதில் ஓரத்திலும் இதே செடிகளை வைக்க இடம் வேண்டும், அரசே. குப்பாயிக்கு ஒரு பட்டுச் சேலையும்."

"இரண்டும் தந்தேன்!" என்றார் அரசர். "ஆனால் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவை. செடி முழங்காலைத் தாண்டி ஒரு விரற்கடை வளரக் கூடாது. எட்டி வந்து கொட்ட, இங்கே மேலே ஒரு பூ இருக்கிறது என்று தேனீக்குத் தெரியவே வேண்டாம்!"