அக்காவுக்கு ஒரு வாக்கியம்

குளம் நிறையத் தண்ணீர் இருந்தது. ஆள்தான் இல்லை.

நடுவில் ஒரு முக்குளிப்பான் மட்டும் மிதந்துகொண்டிருந்தான். மூழ்கி மூழ்கி மீன் பிடிக்கிற சின்ன நீர்ப்பறவை. கோடையில் குளம் வற்றியபோது மற்ற பறவைகள் எல்லாம் வேறு ஏரி தேடிப் பறந்துவிட்டன. இவன் சிறகைப் பருந்து கிழித்திருந்தது. பறக்க முடியவில்லை. கடைசிச் சேற்றுக்குட்டையில் கோரைக்குள் ஒளிந்து எப்படியோ பிழைத்தான். அவன் செத்தே போனான் என்று நினைத்து அவன் அக்காவும் போய்விட்டாள்.

பிறகு மழை வந்தது. குளம் நிரம்பியது. போனவர்கள் வரவில்லை. கிழிந்த சிறகும் சரியாகவில்லை.

முன்பெல்லாம் அக்காவும் அவனும் ஒன்றாக மூழ்குவார்கள். யார் கடைசியில் எழுகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். இப்போது அவன் மூழ்குவான், எழுவான், சுற்றிப் பார்ப்பான். எப்போது எழுந்தாலும் அவனே முதல். அவனே கடைசி. அப்படி ஜெயித்து என்ன பிரயோஜனம்?

ஒருநாள் காலையில் ஒரு நாரை வந்து இறங்கியது.

"நாரை அண்ணே! நீங்க ஊரெல்லாம் சுத்துறவர். என் அக்காவைத் தேடித் தருவீங்களா?"

"தேடலாம். ஆனா எங்க வழக்கம் தெரியுமில்ல? ஒருத்தருக்கு ஒரே வாக்கியம். அதை ஏரிக்கு ஏரி நின்னு கத்துவேன். அதுக்கு மேல ஒரு சொல்லுகூடச் சுமக்க மாட்டேன். உன் அக்கா எப்படி இருப்பா? சொல்லு!"

முக்குளிப்பான் யோசித்துக்கொண்டே ஒரு வட்டம் நீந்தினான். அப்போது தாமரை இலைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் சொல்றேன்! உவமைன்னா என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது!"

அது ஒரு தவளை.

"வெளியே வந்து சொல்லேன்!" என்றது நாரை, அலகைத் தேய்த்தபடி.

"வேண்டாங்க. சாப்பாட்டு நேரம். இங்கேயே சொல்லிடறேன்!" தவளை தொண்டையைச் செருமிக்கொண்டது. "தாமரை போன்ற முகமும், மான் போன்ற விழியும், முத்துப் போன்ற பல்லும், அன்னம் போன்ற நடையும் கொண்ட அக்காவைக் கண்டீர்களா?"

முக்குளிப்பான் மானைப் பார்த்ததே இல்லை. ஆனால் கேட்கப் பெரிதாக இருந்தது.

"அதையே சொல்லுங்க அண்ணே!"

எட்டு நாள் கழித்து நாரை திரும்பியது. முகத்தில் எரிச்சல்.

"ஏழு ஏரி! கத்திக் கத்தித் தொண்டை போச்சு. ரெண்டு கொக்கு, ஒரு வாத்துக் கிழவி, போதாக்குறைக்கு ஒரு எருமை! எல்லாரும் 'அது நான்தான்'னு வந்து நிக்கறாங்க. உன் அக்கா மட்டும் வரலை. ஆமா, பறவைக்கு ஏதுடா பல்லு?"

தவளை இலைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளி ஒதுங்கியது.

"இன்னொரு தடவை சொல்லிப் பாக்கறேன். இப்ப போனா அடுத்த மழைக்குத்தான் இந்தப் பக்கம் வருவேன். சீக்கிரம் சொல்லு!"

முக்குளிப்பான் கண்ணை மூடினான். தாமரை வரவில்லை, மானும் வரவில்லை. அக்கா வந்தாள். மெதுவாகச் சொன்னான்.

"கரையேறி நடந்தா சேத்துல சிக்கின எருமைக்கன்னு மாதிரி தடுமாறுவா, சிரிச்சா தண்ணியில அமுக்கின குடம் மாதிரி களுக் களுக்குன்னு சத்தம் வரும், அந்த அக்கா எங்கே?"

"ஐயையோ! இதெல்லாம் ஒரு அழகா?" என்று தவளை துள்ளியது.

"அழகான்னு எனக்குத் தெரியாது. அவ அப்படித்தான்!"

நாரை பறந்து போனது.

ஒரு நாள் போனது. ஐந்து நாள் போனது. பத்தும் போனது. "கோவிச்சுக்கிட்டிருப்பா" என்றது தவளை. முக்குளிப்பான் தலையைத் திருப்பிக்கொண்டான். மூழ்கினான். மூச்சு முட்டும்வரை அடியிலேயே கிடந்தான். மேலே போனால் மட்டும் யார் இருக்கப் போகிறார்கள்?

முடியாமல் எழுந்தான்.

பக்கத்தில் தண்ணீர் சலசலத்தது. இன்னொரு தலை எழுந்தது.

"நான்தான் கடைசி! நீ தோத்தே!"

களுக் களுக்கென்று ஒரு சிரிப்பு.

அக்கா அவன் தலையில் ஒரு கொத்துக் கொத்தினாள்.

"முதல் தடவையும் கேட்டேன்டா. யாரோ ராணியைத் தேடறாங்கன்னு நினைச்சு மூழ்கிட்டேன். எருமைக்கன்னுன்னு கேட்டதும்தான் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்னை அப்படிச் சொல்ல உலகத்துல ஒரே ஒரு வாய்தான்! நீ உயிரோட இருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சுது."

இரவல் வாங்கிய உவமை எல்லாருக்கும் பொருந்தும், யாரையும் காட்டாது. நம் கண்ணால் பார்த்துச் சொன்ன உவமைதான் ஆளைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தும்.