துண்டுபோட்டுப் பிடித்த காலேஜ்

கூழையூரில் மாட்டுத் தரகர்கள் மூன்று பேர் உண்டு. மூத்தவர் சடையப்பன், அவர் தம்பி வீரமணி, சடையப்பனின் மச்சினன் பொன்னுரங்கம். மாடு பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். மற்ற விஷயங்களில் கெட்டிக்காரத்தனம் இனிமேல்தான் வர வேண்டும்.

சந்தையில் அவர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. எதிராளியின் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துச் சொல்வார்கள். கட்டுபடியாகாவிட்டால் எதிராளி கையை உருவிக்கொள்வான். உடனே இவர்கள் ஏற்றிச் சொல்வார்கள்.

சடையப்பன் மகள் சுகந்தி பிளஸ் டூவில் அறுநூறுக்கு ஐந்நூற்றுப் பத்து வாங்கினாள். செடிகொடிகளைப் பற்றிப் படிக்க ஆசை. விண்ணப்பம் போடத் திங்கட்கிழமைதான் கடைசி நாள். அப்பா கையெழுத்து வேண்டும். அப்பாவோ, பல்லைப் பிடித்துப் பார்க்காமல் எதற்கும் சரி சொல்லாதவர்.

எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று மூவரும் மரியசூசை வாத்தியாரிடம் யோசனை கேட்டார்கள்.

"நேர்ல போய்ப் பாருங்க. உள்ள போன பிள்ளைங்க எப்படி வெளிய வர்றாங்கன்னு பாருங்க. அப்புறம் விண்ணப்பம் போடுங்க. மார்க்கை மட்டும் வாய்விட்டு ஊரெல்லாம் சொல்லாதீங்க" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமையன்று முதலாவது காலேஜின் வாசலில் நின்றார்கள். காலையில் சிரித்துக்கொண்டு போன பிள்ளைகள் சாயங்காலம் தொங்கிய முகத்தோடு வந்தார்கள். தீவனம் சரியில்லை என்று வீரமணி தள்ளிவிட்டார்.

சனிக்கிழமை இரண்டாவது காலேஜ். மத்தியானமே பாதிப் பேர் பின்சுவர் ஏறிக் குதித்து வந்தார்கள். துள்ளல் நன்றாகத்தான் இருக்கிறது, கட்டுத்தறிதான் ஆகாது என்றார் பொன்னுரங்கம்.

மறுநாள் மூன்றாவது காலேஜ். கேட் சாத்தியிருந்தது. எல்லாரும் முன்னாலேயே உள்ளே போயிருப்பார்கள் என்று எண்ணி, இருட்டும்வரை காத்திருந்தார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை.

"உள்ள என்னமோ ஆயிருச்சுண்ணே" என்றார் வீரமணி கவலையோடு.

"போடா இவனே. நல்ல தொட்டியில தண்ணி காட்டினா மாடு நகருமா? புள்ளைங்களுக்கு விட்டு வர மனசில்லை" என்றார் சடையப்பன்.

"இதுதான் மச்சான் காலேஜு" என்று பொன்னுரங்கம் முடித்தார்.

வீட்டில் சுகந்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அப்பா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

"பாத்தியா, ஞாயித்துக்கிழமை கூட வெளிய விடலையே" என்றார் சடையப்பன், இன்னும் பூரித்து.

அந்தக் காலேஜில் தாவரவியலும் உண்டு, ஹாஸ்டலும் உண்டு. ஆகவே சுகந்தி மேற்கொண்டு பேசாமல் விண்ணப்பத்தை நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை ஆபீசில், மெலிந்த குமாஸ்தா ஒருவர் மார்க் எவ்வளவு என்று கேட்டார். சடையப்பன் அக்கம்பக்கம் பார்த்தார். சுற்றிலும் ஆட்கள். துண்டை உதறிக் குமாஸ்தாவின் கைமேல் போட்டு, உள்ளே ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். அப்புறம் ஒரு விரல். ஐந்நூற்றுப் பத்து.

குமாஸ்தா பதறிக் கையை உருவிக்கொண்டார்.

"கட்டுபடியாகலையாம். ஏத்துங்க மச்சான்" என்றார் பொன்னுரங்கம் காதோரமாக.

சடையப்பன் அந்தக் கையை எட்டிப் பிடித்து அறுநூறு என்று அழுத்தினார். குமாஸ்தா மறுபடி உருவினார். எழுநூறு. குமாஸ்தா நாற்காலியோடு பின்னால் போனார். மேஜையைச் சுற்றிப் போய் எண்ணூறு கொடுத்தார்கள். கையை உருவ அவருக்குத் தெம்பு இல்லை.

"படிஞ்சிருச்சு" என்றார் வீரமணி.

இதற்குள் சுகந்தி அடுத்த ஜன்னலில் விண்ணப்பத்தைக் கொடுத்து ரசீது வாங்கியிருந்தாள். இடமும் கிடைத்தது. எண்ணூறுக்குக் கீழே அந்த ஆள் இறங்கவே இல்லை என்று மூவரும் ஊரெல்லாம் சொன்னார்கள். மார்க்கைத்தானே சொல்லக்கூடாது, எண்ணூறு அவள் மார்க் இல்லையே.

முதல் வருஷ வகுப்பு தொடங்கிய அன்று அவளை ஹாஸ்டலில் விட்டார்கள். ஊருக்குத் திரும்பாமல் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். சாயங்காலம் சோப்பு வாங்க வெளியே வந்த சுகந்தி, மூவரையும் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"போன தெம்போடவே வந்திருக்கு" என்றார் வீரமணி.

"முகமும் தொங்கலை. சுவரும் ஏறலை" என்றார் பொன்னுரங்கம்.

சடையப்பன் எழுந்து துண்டை உதறினார். "வாத்தியார் சொன்ன மாதிரி, உள்ள போன புள்ளை வெளிய வந்ததை இப்பத்தான்டா கண்ணால பாத்தோம். வாங்க, போய் விண்ணப்பம் போட்டுருவோம்."

ஆபீசில் அதே குமாஸ்தா இருந்தார். துண்டைக் கண்டதும் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

சடையப்பன் திரும்பிக் கிசுகிசுத்தார்: "ரெண்டு கையையும் எடுத்துட்டாருடா. ஆயிரத்தைத் தாண்டும்போல இருக்கு."