நாலு முழக் கரை

கழிமுகத்தின் ஓரத்தில் ஒரு குப்பம். அங்கே சேற்றுச் சாமி இருந்தார். எந்நேரமும் அவருக்கு முழங்கால் வரை சேறு. ஊரார் கேலிக்கு வைத்த பெயர் அது. அவர் அதையே வைத்துக்கொண்டார்.

குருவுக்கு வயது நாற்பது. அவருடைய ஒரே சீடர் வைரக்கண்ணுவுக்கு அறுபது. "ஆள் மாறி உக்காந்திருக்காங்கடா" என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று வைரக்கண்ணு இன்றைக்கும் வரிசையாகச் சொல்வார்.

ஒருநாள் காலையில் அவர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"சாமி, தாசில்தார் ஆபீஸ் ஆள் வந்துட்டுப் போறான். அடுத்த புயல்ல நம்ம குளத்துல கடல் தண்ணி ஏறிட்டா, ஊரையே காலி பண்ணிடுவாங்களாம்."

குப்பத்துக் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. குடிக்கத் தண்ணீர் அந்தக் குளத்தில் மட்டும்தான் இருந்தது.

"சரி" என்றார் குரு.

"என்ன சரி? அலையாத்திக் காட்டை வெட்டி இறால் குட்டை போட்டவன் ரெங்கையன். தடுக்க மரமில்லாம அலை வந்து அழிச்சது என் தென்னந்தோப்பை. எங்கேயோ எவனோ மலை மலையாக் கரியை எரிச்சுக் கடலைச் சூடாக்கி வச்சிருக்கான். கடல் ஏறி வர்றது என் வாசலுக்கு. புயல் இப்ப மாசம் பார்த்தா வருது? செஞ்சவன் ஒருத்தன், மூழ்குறவன் ஒருத்தன். இது என்ன நியாயம் சாமி?"

"மண்வெட்டி எங்கண்ணே?"

"நான் நியாயம் கேட்டேன்."

"நான் மண்வெட்டி கேட்டேன்."

இருவரும் காடு இருந்த திடலுக்குப் போனார்கள். குப்பத்துக்கும் கழிமுகத்துக்கும் நடுவில் அது மொட்டையாகக் கிடந்தது. கழிமுகத்தின் பக்கம் இடுப்புயரத்துக்கு ஒரு மண் கரை. கடல் உள்ளே வரக்கூடாது என்று வைரக்கண்ணு இரண்டு வருடம் தனியாக மண் சுமந்து கட்டியது. கரைக்கு உள்ளே மூன்று முறை அலையாத்திக் கன்று நட்டார். மூன்று முறையும் கருகிப் போயின. ரெங்கையன் குட்டையில் ஊற்றிய மருந்துதான் கொன்றது என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார்.

குரு கரைக்கு வெளியே இருந்த தண்ணீரைக் காட்டினார்.

"நாக்குல வச்சுப் பாருங்க."

"இதுல பார்க்க என்ன இருக்கு? உப்பு."

கரைக்கு உள்ளே ஒரு பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அதைச் சுற்றி மண் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இப்ப இதை."

வைரக்கண்ணு தொட்டு வைத்தார். அடுத்த நொடி துப்பினார்.

"தூ! நாக்கு வெந்துபோச்சு!"

"இந்தத் தண்ணி எப்படி உள்ள வந்துச்சு?"

"பௌர்ணமிக்கு அலை கரையைத் தாண்டி விழும்."

"விழுந்தது எப்படித் திரும்பிப் போகும்?"

வைரக்கண்ணு கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். எங்கும் ஒரு மடைகூட இல்லை. உள்ளே விழுந்த தண்ணீர் வற்றி, உப்பு மட்டும் தங்கிக் கன்றுகளைக் கருக்கியிருந்தது. நன்றாகத்தான் கட்டியிருந்தார்.

"கரையை வெட்டுங்க" என்றார் குரு.

"கடலை உள்ள விடச் சொல்றீங்களா? இந்த முதுகு சுமந்த மண்ணு சாமி இது!"

"தெரியுது. கெட்டியா இருக்கு. வெட்ட நாளாகும். ஆரம்பிங்க."

வெட்டினார்கள். கரையை அடுத்து, திடலின் நடுவே நீளமாக ஒரு வாய்க்கால். அதன் இரண்டு பக்கமும் மீன் முள் போலக் கிளை வாய்க்கால்கள். ஊருக்குள் சத்தம் கிளம்பியது.

"கிழவன் கடலுக்கு வாசல் திறந்து விடுறான்!" என்று கத்தினாள் டீக்கடை செங்கமலம். "உனக்கு இனிமே இங்க டீ கிடையாது, போ!"

வாய்க்கால் மறு கோடிக்குப் போய் மீண்டும் கழிமுகத்தில் சேர வேண்டும். நடுவில் ரெங்கையனின் இறால் குட்டை இருந்தது. இறால் நோய் வந்து, கைவிட்டு, பாசி பிடித்து நாறிக் கிடந்தது.

"அவன்கிட்ட நான் பேச மாட்டேன்" என்றார் வைரக்கண்ணு. "பதினோரு வருஷமாச்சு."

"பேச வேணாம். வெட்டிக்கிட்டே போங்க. அவர் கரை வந்ததும் நில்லுங்க."

நான்காம் நாள் மண்வெட்டி ரெங்கையனின் கரையைத் தொட்டு நின்றது. ரெங்கையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"யாரைக் கேட்டு இங்க வெட்டுற?"

வைரக்கண்ணு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா?"

பேசவில்லை.

"அப்ப நின்னுக்கிட்டே இரு. எனக்கும் வேலை இல்ல. நானும் நிக்கிறேன்."

இருவரும் நின்றார்கள். வெயில் ஏறியது. கழிமுகத்தில் கடல் ஓதம் ஏறியது. வாய்க்காலில் வந்த தண்ணீர் ரெங்கையனின் கரையில் முட்டி, போக வழியில்லாமல் இருவர் காலையும் நனைத்தது.

"தண்ணி போகணும்" என்றார் வைரக்கண்ணு.

ரெங்கையன் தன் குட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னுதும்தான் நாறிக் கிடக்கு. அதுவும் போகட்டும்." வீட்டுக்குப் போய் மண்வெட்டியோடு திரும்பினார்.

"உன்னை நான் மன்னிக்கலை, தெரிஞ்சுக்க" என்றார் வைரக்கண்ணு.

"இங்க யாரு கேட்டா? நீ அந்தப் பக்கம் வெட்டு."

அன்று சாயங்காலம் தண்ணீர் ஒரு கோடியில் நுழைந்து மறு கோடியில் வெளியே போனது. அதற்குப் பிறகு நாள் தவறாமல் வந்தது, நாள் தவறாமல் போனது. ஒரு மழைக்காலத்தில் மண்ணின் வெள்ளை கரைந்தது. நான்காம் முறை நட்ட கன்றுகள் கருகவில்லை.

ஏழு வருடம் புயல்கள் விலகிப் போயின. அதன் பிறகு, யாரும் புயலை எதிர்பார்க்காத பங்குனி மாதத்தில் புயல் வந்தது.

விடியற்காலையில் தொடங்கிய காற்று மத்தியானம் வரை அடித்தது. ஊரே பள்ளிக்கூடத்தில் அடைந்திருந்தது. வைரக்கண்ணு ஒரு சுவரோரம், ரெங்கையன் எதிர்ச் சுவரோரம். கடல் ஏறி வரும் சத்தம் கேட்டது.

காற்று நின்றதும் எல்லோரும் குளத்துக்கு ஓடினார்கள்.

அலை காட்டுக்குள் நுழைந்திருந்தது. மரத்துக்கு மரம் முட்டி, வேருக்கு வேர் சிக்கி, கொண்டுவந்த வலையையும் பலகையையும் கிளைகளில் போட்டுவிட்டு, குளக்கரைக்கு நாற்பது காலடி முன்னால் நின்றிருந்தது. நின்ற தண்ணீர் வாய்க்கால் வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

குளத்தில் கை வைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. செங்கமலம்தான் இறங்கினாள். ஒரு கை அள்ளிக் குடித்தாள். கண்ணை மூடினாள்.

"என்னடி?"

"சக்கரைடி!" என்று அலறினாள்.

பெண்கள் குலவையிட்டார்கள். ஆண்கள் வேட்டியோடு குளத்தில் குதித்தார்கள். குடிதண்ணீரில் குதிக்கிறார்களே என்று அன்றைக்கு யாரும் திட்டவில்லை.

சாயங்காலம் தாசில்தார் ஆபீஸ் ஆள் இரண்டு லாரியோடு வந்தான்.

"சீக்கிரம் ஏறுங்க."

"நீங்க இறங்குங்க தம்பி" என்று செங்கமலம் ஒரு செம்பை நீட்டினாள். "குடிங்க."

குடித்தான். செம்பைப் பார்த்தான். குளத்தைப் பார்த்தான். இன்னொரு செம்பு கேட்டான். லாரிகள் காலியாகவே திரும்பின.

அவள் டீக்கடையைத் திறந்து முதல் டீயை வைரக்கண்ணுவிடம் கொடுத்தாள். "நீ எனக்கு டீ கிடையாதுன்னு சொன்ன அன்னைக்குச் செவ்வாய்க்கிழமை" என்று ஞாபகப்படுத்திவிட்டு அவர் வாங்கிக் குடித்தார்.

பிறகு குருவைத் தேடிப் போனார். குரு வாய்க்காலில் நின்று, அடைத்திருந்த குப்பையை வாரிக்கொண்டிருந்தார். வைரக்கண்ணுவும் இறங்கி வாரினார்.

"ஜெயிச்சுட்டோம் சாமி!"

"ஆமாண்ணே! நல்லா ஜெயிச்சோம்" என்று குரு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கழிமுகத்துப் பக்கம் கையைக் காட்டினார். பழைய மண் கரையில் வெட்டாமல் விட்ட நாலு முழம் மட்டும் அங்கே நின்றது. புயலும் அதை அசைக்கவில்லை.

"அதை எதுக்கு மிச்சம் வச்சீங்க?"

வைரக்கண்ணு மறைக்கவில்லை.

"காட்டை வெட்டினவனை மறக்கக் கூடாதுன்னு. கடலைச் சூடாக்கிட்டு எங்கேயோ சுகமா இருக்கானே, அவனையும்தான். அதைப் பார்க்கிறப்ப எல்லாம் எனக்கு ஞாபகம் வரணும். தப்பா சாமி?"

குரு கரையைப் பார்த்தார். அதன் இரண்டு பக்கமும் சலசலத்து ஓடும் தண்ணீரைப் பார்த்தார்.

"இருக்கட்டும்ணே. தண்ணி போக வழி இருக்குல்ல?"