அம்மிக்கல்லும் நேரலையும்

கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால் செண்பகவல்லி இட்லிக் கடை வைத்திருந்தாள். நம் மக்களின் அன்றாட வாழ்க்கையை உள்ளபடி காட்டுகிறேன் என்று வீடியோ போட்டுப் பேர் வாங்கிய திவாகர் ஒருநாள் காலை அங்கே வந்து இறங்கினார். வந்ததும் மிக்சியை ஒளித்து வைத்தார். வண்டியிலிருந்து ஓர் அம்மிக்கல்லை இறக்கினார். நைட்டியில் நின்றவளைக் கண்டாங்கிச் சேலைக்கு மாற வைத்தார்.

"தினமும் எப்படி இருப்பியோ அப்படியே இரும்மா. ஒரு பொய்கூட வரக்கூடாது. சொதப்பினா, கடை சுத்தமில்லைன்னு வீடியோ போட்டுடுவேன்" என்றார்.

செண்பகவல்லிக்குத் தலை சுற்றியது. தினமும் இருக்கிறபடி இருக்க வேண்டுமென்றால் மிக்சி எங்கே? கேட்பதற்குள் நேரலை தொடங்கிவிட்டது. அவள் அம்மியில் தேங்காயை வைத்துத் தட்டுத்தடுமாறி அரைத்தாள்.

பார்த்தவர்கள் கேள்வி அனுப்பினார்கள். திவாகர் பெருமையாக வாசித்தார். "இந்த அம்மியில எத்தனை வருஷமா அரைக்கிறீங்கன்னு கேட்கிறாங்க."

செண்பகவல்லி கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பணிவாகச் சொன்னாள்: "சார் கொண்டாந்து இறக்கினதுல இருந்து அரைக்கேன். கால்மணி நேரம் இருக்கும்."

திவாகர் அவசரமாக அடுத்த கேள்விக்குத் தாவினார். "சேலை எங்க எடுத்தீங்கன்னு..."

"அது சாருக்குத்தான் தெரியும். திருப்பிக் கொடுக்கையில கேட்டுச் சொல்லுதேன்."

சிரிப்புப் பொம்மைகள் திரையில் குவிந்தன. இனி அந்தக் கடையைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் யாரும் நம்பப்போவதில்லை. அவர் போனை அணைத்தார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே?"

"பொய் கூடாதுன்னியளே சார்" என்றாள் அவள், இன்னும் குழப்பம் தீராமல். "எந்த உண்மையைச் சொல்லணும்னு முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கலாம்லா."