வாயைத் திறந்த கரியன்

ஓடைக்கரைக் காட்டில் ஒரு காட்டுமாட்டுக் கூட்டம் இருந்தது. அதற்குத் தலைவன் கரியன் என்ற காளை. மாடுகளின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும் வெண்ணி என்ற கொக்குதான் வைத்தியர்.

ஒருநாள் செவலை என்ற பசுவின் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகியது.

"வாயைத் திற!" என்றது வெண்ணி. நாக்கைப் பார்த்ததும் பதறிவிட்டது. "ஐயோ, கொப்புளம்! குளம்பிடுக்கிலும் புண்! இது கோமாரி. மற்றவர்களுக்கும் தொற்றும். செவலையைத் தனியாக வைத்து..."

கரியன் முடிக்க விடவில்லை. "துரத்துங்கள்! மலைக்கு அந்தப் பக்கம் போகட்டும்!"

"அண்ணா, அங்கே புலி இருக்கிறதே! என்னால் ஓடக்கூட முடியாதே!" என்று செவலை கெஞ்சியது.

மற்ற மாடுகள் ஒதுங்கி வழிவிட்டன. செவலை நொண்டிக்கொண்டே போனது.

மறுநாள் வெண்ணி வந்து, "எல்லோரும் நாக்கைக் காட்டுங்கள்" என்றது. ஒரு மாடும் காட்டவில்லை. எச்சில் ஒழுகிய மாடுகள் ஓடையில் முகத்தை முக்கி மறைத்தன. அந்தத் தண்ணீரையே மற்ற மாடுகள் குடித்தன.

ஐந்தாம் நாள், பால்குடிக் கன்று ஒன்று சுருண்டு விழுந்து இறந்தது. தாய்ப்பசு அதை நக்கிக்கொண்டே நின்றது.

அதைப் பார்த்த கரியன் முன்னால் வந்தது. இரண்டு நாளாக அதன் நாக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது!

"வெண்ணி, முதலில் என் வாயைப் பார்!" என்று எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்தது. "எனக்கும் வந்துவிட்டது. யாரையும் இனித் துரத்தமாட்டேன். மறைக்காமல் சொல்லுங்கள்!"

ஒவ்வொன்றாக ஆறு மாடுகள் முன்னால் வந்தன.

"நோயுள்ளவர்கள் ஓடையின் கீழ்ப்பக்கம், மற்றவர்கள் மேல்பக்கம். நான் மேல்பக்கம் பார்த்துவிட்டுத்தான் கீழே வருவேன்" என்றது வெண்ணி. குரங்குகளையும் கூப்பிட்டது. "நோயுள்ளவர்களுக்கு இளந்தழையாகப் பறித்து மரத்திலிருந்தே போடுங்கள். தரையில் மட்டும் இறங்காதீர்கள்!"

"செவலை?" என்றது தாய்ப்பசு.

"எனக்குத்தான் நோய் வந்துவிட்டதே, நானே போகிறேன்!" என்று கரியன் புண்பட்ட காலோடு மலையேறியது.

செவலை ஒரு பாறை இடுக்கில் ஒடுங்கிக் கிடந்தது. சுற்றிலும் புலியின் கால்தடம்.

"என்னை மன்னித்துவிடு, தங்கச்சி. வா, நம் இடத்துக்குப் போவோம்."

"மறுபடியும் துரத்தமாட்டீர்களே?"

"மாட்டேன்! தள்ளித்தான் இருப்போம். ஆனால் சேர்ந்து இருப்போம்."

இரண்டும் மெல்ல மெல்ல இறங்கி வந்தன. நாட்கள் ஓடின. புண்கள் ஆறின. மேல்பக்க மாடுகளில் ஒன்றுக்குக்கூட நோய் வரவில்லை. ஒரு மாதம் கழித்து, வெண்ணி எல்லா நாக்குகளையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "போகலாம்!" என்றது. கீழ்ப்பக்க மாடுகள் துள்ளிக்கொண்டு மேல்பக்கம் போயின. செவலைதான் முதலில் ஓடியது.

நோயாளியைத் துரத்தினால் நோய் நமக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். தள்ளி வைத்தாலும் கைவிடாமல் கவனித்தால்தான் அது ஒழியும்.